இரண்டு நிமிஷம் பத்தாதுங்க

சோமனூர் பஸ்ஸை நான் தவறவிட்ட சாயங்காலங்களுக்கெல்லாம் ஒரே ஒரு மனிதர்தான் பொறுப்பு. பஸ்ஸைக் குறை சொல்ல முடியாது. அது பாட்டுக்கு வந்து அது பாட்டுக்குப் போனது. என்மேலும் தப்பில்லை. மணி ஐந்தரை ஆனதும் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்துவிடுவேன். போகிறபோக்கில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாமே என்று அவர் மேஜைப் பக்கம் திரும்புவேன் பாருங்கள், அங்கேதான் மாட்டிக்கொள்வது.

"கெளம்பிட்டீங்களா அம்மணி? சரிங்க, பாத்துப் போயிட்டு வாங்க" என்பார். அதோடு முடிந்ததா? எழுந்து கதவுவரை வருவார். கதவருகில் நின்று, எங்கள் அப்பாவின் தறி நிற்காமல் ஓடுகிறதா என்று கேட்பார். நான் பாதிப் படி இறங்கியதும் மேலிருந்து எட்டிப் பார்த்து, "அம்மாவுக்கு முட்டி வலி தேவலைங்களா?" என்பார். தேவலை என்று அண்ணாந்து சொல்லிவிட்டுக் கேட்டைத் திறப்பதற்குள் அவரும் கீழே வந்திருப்பார். "மழ வர்றாப்ல இருக்குது, கொடை இருக்குதுங்களா?" குடை இருக்கிறது என்று நான் எடுத்துக் காட்டும் நேரத்தில் அவிநாசி ரோட்டில் என் பஸ் போய்க்கொண்டிருக்கும். "அட கெரகமே, பஸ்ஸு போயிருச்சுங்களே!" என்று என்னைவிட அவர்தான் பதறுவார். பதறிவிட்டு, அடுத்த பஸ் வரும்வரை துணைக்கு நிற்பார். அந்த பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னால் மறுபடியும் முதலிலிருந்து எல்லாம் நடக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில், பீளமேட்டில் ஒரு வீட்டு மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. நூல் மில்லுகளில் ஒவ்வொரு மெஷினிலும் ஒரு டப்பாவை மாட்டுவோம். நூல் எத்தனை தடவை அறுந்தது, மெஷின் எவ்வளவு நேரம் சும்மா நின்றது என்றெல்லாம் அந்த டப்பா குறித்துக்கொள்ளும். அதற்குள் ஓடிய ஆபரேட்டிங் சிஸ்டம் எங்கள் சொந்தச் சரக்கு, அவர் எழுதியது. அவர் எழுதியதைச் சோதித்துக் குற்றம் கண்டுபிடிப்பது என் வேலை. அதற்கென்றே அளவெடுத்துச் செய்த வாய் எனக்கு என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள்.

அவருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். உடுமலைப்பேட்டைப் பக்கத்துத் தோட்டக்காரக் குடும்பம். வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார்கள். வெளியே வந்துவிட்டால் எங்களைவிட நாலு 'ங்க' கூடுதலாகவே போடுவார். கம்ப்யூட்டரில் இருக்கிற கம்பைலரைக்கூட அவர் அஃறிணையில் சொல்லி நான் கேட்டதில்லை. எழுதிக் கொடுத்ததில் அது தப்புக் கண்டுபிடித்து நின்றுவிட்டால், "அவரு ஒத்துக்க மாட்டேங்கறாருங்க அம்மணி" என்று வருத்தமாகச் சொல்வார். சம்பந்தியோடு பேச்சுவார்த்தை நடத்துகிற மாதிரி இருக்கும்.

டெலிபோனைப் பற்றிச் சொல்லாவிட்டால் அவரைப் பற்றிச் சொன்னதாகவே ஆகாது. ஆபீசுக்கு ஒரே ஒரு லைன். பேச வேண்டியதைப் பேசி முடித்தபிறகு, "வெச்சரட்டுங்களா?" என்று ஆரம்பிப்பார். அந்தப் பக்கத்து ஆளும் நம்மூர்க்காரராக இருந்துவிட்டால் தொலைந்தது. "நீங்க வைங்க." "இல்லீங்க, நீங்க மொதல்ல வைங்க." "அதெப்படிங்க, கூப்புட்டது நீங்க, நீங்கதான் வெக்கோணும்." ஒருமுறை ராங் நம்பரில் வந்த ஒருவரோடு இப்படிக் கால்மணி நேரம் நடந்தது. அந்தக் கால்மணி நேரமும் ஒரு மில்காரர் எங்களை அழைத்துப் பார்த்து, லைன் கிடைக்காமல், வேறு கம்பெனிக்குப் பேசிவிட்டார். எங்கள் முதலாளி அன்றைக்குக் குதித்த குதியில் மாடி இடியாமல் இருந்தது ஆச்சரியம்.

இன்னொன்று. மைத்துனரை வழியனுப்ப ரயிலடிக்குப் போனவர், பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்து விடைபெற்றுக்கொண்டிருக்கும்போதே ரயில் கிளம்பிவிட்டது. திருப்பூரில் இறங்கி பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். "குதிச்சு எறங்கறதுக்கென்னுங்கண்ணா?" என்று கேட்டேன். "பேச்சு முடியலீங்களே அம்மணி" என்றார். என்னவோ நான்தான் புரியாமல் கேட்டுவிட்டேன் என்பதுபோல.

இப்பேர்ப்பட்டவர் கையில்தான், மெஷின்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வேலை வந்து விழுந்தது.

அதுவரை மில்லில் ஒரு ஆள் ஒவ்வொரு டப்பாவாகப் போய்ப் பார்த்துக் குறித்துக்கொண்டு வர வேண்டும். இனிமேல் எல்லா டப்பாவும் ஒரே கம்பியில் சேர்ந்து, மேனேஜர் ரூம் கம்ப்யூட்டருக்குத் தாமே கணக்கைச் சொல்ல வேண்டும் என்றார் முதலாளி. அதற்கு நெட்வொர்க் ஸ்டாக் என்று ஒன்று வேண்டும். அடுக்கடுக்காக இருக்கும். அடியில் கம்பியைக் கவனித்துக்கொள்வது ஓர் அடுக்கு, அதற்குமேல் விலாசம் பார்த்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஓர் அடுக்கு, அதற்கும் மேலே பேச்சைத் தொடங்கி, நடத்தி, முடித்துவைப்பது ஓர் அடுக்கு. மற்றவர்கள் இதைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்வார்கள். இவர், "நானே எழுதிப்போடறேனுங்க" என்றார். அதுவும் சி ப்ளஸ் ப்ளஸ்ஸில்.

அந்த மொழி அப்போது எங்கள் ஊருக்குப் புதுசு. எங்களுக்கெல்லாம் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தது பழைய சி-தான். "ஏனப்பா, சி-ல எழுதுனா கம்பில கரண்டு போகாதா?" என்று முதலாளி கேட்டார்.

"போகுமுங்க. ஆனா அதுல, வந்தவிய எந்திரிச்சுப் போனதுக்கப்பறம் எடத்த நாமதான் ஞாபகமாக் கூட்டிப் பெருக்கோணும். இதுல பாருங்க, ஒவ்வொரு பேச்சையும் ஒரு ஆளாட்டம் எழுதிப்போடலாம். வாரப்ப என்ன பண்ணோணும், போறப்ப என்ன பண்ணோணும்னு அவியளுக்கே தெரியும். போறப்ப அவிய எடத்த அவியளே கூட்டிப் பெருக்கி ஒப்படைச்சுட்டுப் போவாங்க."

முதலாளிக்குப் புரிந்ததா என்று தெரியாது. தலையை ஆட்டிவிட்டுப் போனார். எனக்கு ஒன்று மட்டும் புரிந்தது. போகிறவர்கள் இப்படித்தான் போக வேண்டும் என்று சட்டம் போட ஒரு மொழி கிடைத்ததும் மனிதர் சொக்கிப் போய்விட்டார்.

ஒன்றரை வருஷம் எழுதினார். பொங்கல் நோம்பிக்குத் தோட்டத்துக்குப் போனவர்கூட ஒரே நாளில் திரும்பி வந்தார். (தோட்டத்தில் விடைபெறுவதற்கு மட்டும் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று நானே கணக்குப் போட்டு அசந்து போனேன்.) மெஷின்கள் பேசிக்கொள்வதற்கு ஏற்கெனவே உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட விதிமுறை உண்டு. அதில் பேச்சை முடிக்கிற பகுதியை அவர் எனக்கு விளக்கினபோது முகம் மலர்ந்துபோயிருந்தது. "இவரு, 'எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணுமில்லீங்க, வாரேனுங்க'ம்பாரு. அவரு, 'சரிங்க'ம்பாரு. அப்பறம் அவரு, 'எனக்கும் ஒண்ணுமில்லீங்க, நானும் வாரேனுங்க'ம்பாரு. இவரு, 'சரிங்க'ம்பாரு. அதுக்கப்பறந்தான் ரெண்டு பேரும் எந்திரிப்பாங்க. வெள்ளக்காரங்க எழுதுனதுதானுங்க அம்மணி, ஆனா என்னா மரியாத பாருங்க!"

நான் குடைந்து குடைந்து சோதித்தேன். கம்பியைப் பிடுங்கிப் பார்த்தேன், கண்டபடி எண்களை அனுப்பிப் பார்த்தேன். அசையவில்லை. மாதக்கணக்கில் ஓடியது. எங்கள் ஆபீசில் எந்த மெஷினும் சொல்லாமல் கொள்ளாமல் போனதே கிடையாது. மனுசரையே அப்படிப் போக விடாதவர், மெஷினை விடுவாரா?

உடுமலைப் பக்கம் ஒரு மில்லில் முதல் தடவையாக மாட்டினோம். முதல் நாள் நன்றாக ஓடியது. முதலாளி எல்லாருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தார். மூன்றாம் நாள் ஒவ்வொரு டப்பாவாக வாயை மூடிக்கொண்டது. மேனேஜர் ரூம் கம்ப்யூட்டர் கூப்பிடுகிறது, பதிலே இல்லை. டப்பாக்களை அணைத்துப் போட்டால் பேசும். அடுத்த மூன்றாம் நாள் மறுபடியும் மௌன விரதம். மில்காரர்கள் எங்கள் முதலாளியைக் கூப்பிட்டு நன்றாகக் கொடுத்தார்கள்.

முதலாளி கெட்டவர் இல்லை. கத்துகிற மனிதர் அன்றைக்குக் கத்தாமல் பேசினதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "வர்ற திங்கக்கெழம வரைக்கும் பாப்பேனப்பா. அதுக்குள்ள செரியாகலீன்னா ரெடிமேடா விக்கறத வாங்கிப் போட்டர்றேன். உன்றத எடுத்து ஓரமா வெச்சுரு. வருத்தப்படாதே."

அவர், "ஆகட்டுங்க" என்றார். அன்று சாயங்காலம் நான் கிளம்பும்போது, "போயிட்டு வாங்க" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார். கதவுக்கு வரவில்லை. படியில் எட்டிப் பார்க்கவில்லை. எனக்குச் சோமனூர் பஸ் சுலபமாகக் கிடைத்தது. ஜன்னலோர சீட்டும் கிடைத்தது. வீடு போய்ச் சேரும்வரை மனசே சரியில்லை.

மறுநாள் இருவரும் மில்லுக்குப் போனோம். மேனேஜர் ரூமில் சூப்பர்வைசர் ஒருவர், தங்கமான மனிதர், எங்களுக்கு நாற்காலி போட்டுக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். ஷிப்ட் முடிந்ததும் டப்பாக்கள் வரிசையாகக் கணக்கைச் சொல்ல, அவர் திரையைப் பார்த்துப் பேப்பரில் குறித்துக்கொண்டார். கடைசி எண்ணை எழுதினார். பேனாவை மூடினார். கையை நீட்டிச் சுவரில் இருந்த ஸ்விட்சைப் பட்டென்று அணைத்தார்.

"ஐயோ! சொல்லாமயே போயிட்டீங்களே!" என்று இவர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

சூப்பர்வைசர் பயந்துபோனார். "நான் எங்கீங்க போனேன்? இங்கதானுங்க நிக்கறேன்."

"நீங்க இல்லீங்க, கம்ப்யூட்டரு! டப்பா 'வாரேனுங்க'ன்னு சொல்லி, கம்ப்யூட்டரு 'சரிங்க'ன்னுருக்காரு. அவரு தன்ற பங்குக்கு 'வாரேனுங்க' சொல்றதுக்குள்ள நீங்க கரண்ட நிறுத்திப்போட்டீங்களே!"

"டப்பாகிட்டச் சொல்லீட்டுப் போகோணுமுங்களா?" என்று அவர் என்னைப் பார்த்தார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

விஷயம் விளங்கிவிட்டது. டப்பாவின் நினைவகம் சின்னது. எட்டுப் பேச்சுக்குத்தான் இடம். ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும் ஒரு பேச்சு விடை சொல்லிவிட்டு, எதிராளியின் விடைக்காக வாசலிலேயே நிற்கிறது. எதிராளிக்குக் கரண்டே இல்லை. ஒரு நாளைக்கு மூன்று ஷிப்ட். மூன்றாம் நாள் எட்டு இடமும் நிரம்பிவிடும். இப்படி டப்பா டப்பாவாக, எல்லாம் இவரைப்போலவே கேட்டில் நின்றுகொண்டிருந்தன.

வேறு எந்த ஊர்க்காரராக இருந்தாலும் அங்கேயே ஒரு வரியைச் சேர்த்திருப்பார்: இவ்வளவு நேரம் பார், பதில் வராவிட்டால் எழுந்து போ என்று. இவர் என்ன செய்தார் தெரியுமா? சூப்பர்வைசரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அணைப்பதற்கு முன்னால் கம்ப்யூட்டரில் எந்தப் பட்டனை அழுத்தி முறையாக விடைபெற வேண்டும் என்று அரை நாள் சொல்லிக்கொடுத்தார். மெஷினைத் திருத்தாமல் மனுசரைத் திருத்தக் கிளம்பிவிட்டார்! சூப்பர்வைசரும் பாவம், "சரிங்க, சரிங்க" என்று கேட்டுக்கொண்டார். திரும்பும்போது மில் கேட்டில் வாட்ச்மேனோடு நடந்த பேச்சைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

சனிக்கிழமை காலையில் போன் வந்தது. டப்பாக்கள் மறுபடியும் பேசவில்லை. சூப்பர்வைசர் ஒருநாள் ஞாபகமாகச் சொன்னாராம், அப்புறம் பழையபடி பட்டென்று ஸ்விட்ச்சாம்.

நான் என் நாற்காலியை இழுத்து அவர் எதிரில் போட்டேன். "ஏனுங்கண்ணா, ஒரு நேரம் வெச்சு எந்திரிச்சுப் போகச் சொல்லி எழுதறதுக்கென்ன?"

"விதிமொறையில அப்படி நேரமே சொல்லலீங்க அம்மணி. எதிராளி சொல்ற வரைக்கும் இருக்கோணும். அவ்வளவுதான்."

"அவருக்குக் கரண்டே இல்லீங்கண்ணா."

"நமக்கு எப்படிங்க தெரியும்? வார வழியில தாமதமா இருக்கலாம். அவரு வந்து 'வாரேனுங்க'ங்கறப்ப நாம எந்திரிச்சுப் போயிருந்தா, மனசு என்ன பாடுபடும்?"

கம்ப்யூட்டரின் மனசு! எனக்கு வந்த கோபத்தில் தலையில் அடித்துக்கொண்டேன். திங்கட்கிழமை வந்தால் ஒன்றரை வருஷ உழைப்பு ஓரமாகப் போய் உட்காரும். இந்த மனிதர் மரியாதையைக் கட்டிக்கொண்டு அழுகிறார். கத்தியே விட்டேன்: "மரியாத மரியாதங்கறீங்களே, புதுசா ஒருத்தரு வந்து கேட்டுக்கு வெளிய நிக்கறாரு. உள்ள எட்டுச் சேரும் காலி. ஆனா 'ஆளு வருது, ஆளு வருது'ன்னு நீங்க துண்டு போட்டு வெச்சிருக்கீங்க. வந்தவரை வெளிய நிக்க வெச்சுப் போட்டுப் போனவருக்கு எடம் புடிக்கறது எந்த ஊரு மரியாதைங்கண்ணா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். "வந்தவிய வெளிய நிக்கறாங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். அவர் அதை அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. பாவமாக இருந்தது.

பிறகு பேரம் ஆரம்பித்தது. காந்திபுரத்துத் துணிக்கடையில்கூட நான் அப்படிப் பேரம் பேசினதில்லை. அவர் அரை மணி நேரம் என்று தொடங்கினார். நான் ஒரு செகண்ட் என்றேன். "ஒரு செகண்டா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். கால்மணிக்கு வந்தார். நான் பத்து செகண்டுக்கு ஏறினேன். இப்படியே இறங்கி ஏறி, கடைசியில் இரண்டு நிமிஷத்தில் வந்து நின்றோம்.

"ரெண்டு நிமிஷம் பத்தாதுங்க அம்மணி. ஒருத்தரு செருப்பு மாட்டறதுக்கே ஆகாது."

"டப்பா செருப்புப் போடறதில்லீங்கண்ணா."

எழுதினார். கை தயங்கித் தயங்கித்தான் எழுதினார். இரண்டு நிமிஷம் காத்திருக்கும். பதில் வராவிட்டால் தன் இடத்தைக் கூட்டிப் பெருக்கி ஒப்படைத்துவிட்டுப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை மில்லுக்குப் போய் எல்லா டப்பாவிலும் ஏற்றிவிட்டு வந்தோம். திங்கட்கிழமை ஓடியது. புதன்கிழமை ஓடியது. சூப்பர்வைசர் ஆசை தீரப் பட்டுப் பட்டென்று அணைத்தார், டப்பாக்கள் கவலையே படவில்லை. அடுத்த வாரம் முதலாளி மறுபடி அல்வா வாங்கினார். "ரெடிமேடு கெடக்கட்டுமப்பா, உன்றதே இருக்கட்டும்" என்று அவர் தோளில் தட்டினார். அன்று சாயங்காலம் அவர் கேட்டுவரை வந்து, எங்கள் பக்கத்து வீட்டு மாடு கன்று போட்டதா என்பதுவரை விசாரித்தார். இரண்டு பஸ் போயிற்று. போகட்டும் என்று நின்றுகொண்டிருந்தேன்.

அந்த மில்லைப் பார்க்க வந்த பெங்களூர் கம்பெனிக்காரர்கள், இந்த ஸ்டாக்கை எழுதினது யார் என்று கேட்டார்கள். அடுத்த வருஷமே அவரை அழைத்துக்கொண்டார்கள். நான் கத்திக் கத்தி வாங்கின இரண்டு நிமிஷம்தான் அவரைக் கொண்டுபோய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அவர் கிளம்பின அன்று காந்திபுரத்தில் காலை பஸ். அந்த வருஷப் பள்ளிக்கூடம் முடிந்தபிறகுதான் அவருடைய வீட்டுக்காரம்மாவும் பிள்ளைகளும் போவதாக ஏற்பாடு. அவர்கள் வந்திருந்தார்கள், முதலாளியும் வந்திருந்தார். கதை தெரிந்த எல்லோரும் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டோம். அவரும் முறையாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார், டீக்கடைக்காரர் உட்பட. கடைசியாக என்னிடம் வந்தபோது கண்டக்டர் விசில் ஊதிவிட்டார்.

"வாரேனுங்க அம்மணி."

வாயாடி என்று பேர் எடுத்த எனக்கு ஒரு சொல் வரவில்லை. எதிரில் இருந்த பூக்கடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் ஏறினார். பஸ் நகர்ந்து, ஸ்டாண்டை விட்டு வெளியே போகும் வளைவில் திரும்பியது.

திரும்பின பஸ் நின்றது. கதவு திறந்து ஒருவர் இறங்கினார். வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வேகவேகமாக எங்களை நோக்கி வந்தார். "என்னுங்க, எதையாச்சும் மறந்துட்டீங்களா?" என்று வீட்டுக்காரம்மா பதறினார். அவர் நேராக என்னிடம் வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

"அம்மணி, நீங்க ஒண்ணுஞ் சொல்லலீங்களே."

"ஏனுங்க சார், வருவீங்களா மாட்டீங்களா?" என்று பஸ்ஸிலிருந்து கண்டக்டர் கத்தினார். பின்னால் நின்ற பஸ்கள் எல்லாம் ஹாரன் அடித்தன.

"ரெண்டு நிமிஷத்துல எந்திரிச்சுப் போயரோணும்னு பேசி முடிச்சது மறந்துருச்சுங்களாண்ணா?" என்றேன். கண்ணில் வழிந்ததைத் துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

"அது டப்பாவுக்குங்க அம்மணி."

"போயிட்டு வாங்கண்ணா" என்றேன்.

"சரிங்க" என்றார். அவ்வளவுதான். அம்மாவின் முட்டி வலியைக் கேட்கவில்லை, குடையைக் கேட்கவில்லை. திரும்பி நடந்து பஸ்ஸில் ஏறிக்கொண்டார். வாசலில் நிற்காமல் அவர் போய் நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.